கயிறும் கம்பமும்

ஷாமியானாக் கம்பத்தில் சாய்ந்தபடி ஏஞ்சல் செல்போனைக் காதில் வைத்தாள். உள்ளே ஐஸ் பெட்டியில் அப்பா கிறிஸ்டோபர் படுத்திருந்தார். துக்க வீட்டை மதித்துத் தெருவில் தறிகளெல்லாம் ஓய்ந்திருந்தன. பாஸ்டர் வருவதற்குள் அச்சகத்து விமல்ராஜுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"இந்த நேரத்துல கேக்கவே சங்கடமா இருக்குது மேடம். சாயங்காலம் சாரோட கணக்கு புக்கு மிஷின்ல ஏறுது. ஏழாவது சேப்டர் ரெண்டு பக்கம் நீளுது. உங்க புரூஃபைப் போட்டா அடங்கிடும்."

எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் ஒரு மூலமாவது உண்டு என்பது இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். அதற்கு அப்பா புத்தகத்தில் எழுதிய நிரூபணம் இரண்டு பக்கம்; அவள் எழுதியது நாலே வரி. ஏனாத்தூர் கல்லூரியில் அவளோடு கணிதம் நடத்துகிறவர்கள் ஆகா ஓகோ என்று மெச்சினார்கள். அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு குத்தமும் இல்லம்மா. ஆனா படிக்கிற புள்ள ஏன்னு கேட்டா, உன் நாலு வரி வாயத் தொறக்காது. எதப் போடறதுன்னு நீயே முடிவு பண்ணு."

ஏஞ்சலுக்குச் சுருக்கென்றது. போன வாரம் நடந்தது அது. அப்புறம் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

முதுகில் ஏதோ உறுத்தியது. திரும்பினாள். கம்பத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கயிறு. விரலை விட்டு இழுத்தாள், இன்னும் இறுகியது. அப்பா இரண்டு பக்கம் எழுதியது இதைத்தான். கம்பத்தைச் சுற்றிய வளையத்தை ஒரு புள்ளியாகச் சுருக்க வேண்டுமென்றால், கயிறு எங்கேயாவது ஓரிடத்தில் கம்பத்தின் ஊடே போயே தீரவேண்டும். கம்பம்தான் பூஜ்யம்; கயிறு அதைத் தொடுகிற இடம்தான் சமன்பாட்டின் மூலம். ஏன் என்பதைப் படிக்கிற பிள்ளை பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே தானாகச் சொல்லிவிடும். பாவி மனுஷன், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்.

"என்னோடது வேணாம் விமல்ராஜ். அப்பாவோடத போடுங்க, கயிறு படத்தோட."

"பக்கம் இடிக்குமே மேடம்."

"முன்னுரை ரெண்டு பக்கம்தானே, நான் எழுதுனது? அதத் தூக்கிடுங்க."

"சாரப் பத்தி அவ்ளோ நல்லா எழுதியிருந்தீங்களே."

"அதான் ஏழாவது சேப்டர் இருக்குதே."

போனை வைத்ததும் அம்மா கிரேஸ் வாசலுக்கு வந்தாள். "யாரும்மா?"

"அச்சகம். அப்பா எழுதுனதையே போடச் சொல்லிட்டேன்மா."

"உள்ள போயி அவருகிட்ட சொல்லு."

அதற்கப்புறம்தான் ஏஞ்சலுக்கு அழுகை வந்தது.

கல்லறையிலிருந்து திரும்பியபோது ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சை அவிழ்த்துக் கம்பத்தை உருவினார்கள். கயிறு தளர்ந்து வளையம் வளையமாகத் தரையில் விழுந்தது. ஏஞ்சல் குனிந்து அதை எடுத்து, நிதானமாகச் சுருட்டி அவர்கள் கையில் கொடுத்தாள்.