ஒத்திகையில் சொன்னது

என் புருஷனுக்கு எங்கள் நாடகக் குழுவில் ‘மேதை’ என்று பெயர். கிண்டலாக வைத்தது. அந்த ஆள் அதை விருதாக எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரு கிரேக்க நாடகத்தைக் கையில் எடுத்தார். புருஷன் வேறொருத்தியைத் தேடிப் போக, அவனைப் பழிவாங்கத் தான் பெற்ற பிள்ளைகளையே கொல்கிறவளின் கதை. உலகத்தில் ஆளாளுக்கு அதைத் தங்கள் ஊர்க் கதையாக்கிவிட்டார்களாம், நாமும் நம் அடுக்களைக்குக் கொண்டுவருவோம் என்றார். வசனமெல்லாம் எழுதமாட்டார். கேமராவை ஓடவிட்டு, “வேஷம் வேணாம். வீட்ல இருக்கிற மாதிரியே வா, வாயில வர்றதப் பேசு” என்பார். கொலைகாரி நான்தான்.

பேசினேன். “நீ அவகிட்டப் போனா இந்தப் புள்ள உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. கழுத்த நெரிச்சிருவேன்!”

குழுவே எழுந்து கைதட்டியது. நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

நாடகம் மேடையேறவில்லை. மேதை மட்டும் எங்கள் குழுவில் ஒளியமைத்த பெண்ணோடு போய்க் குடியேறினார். பிறகு எங்கள் ஏழு வயது மகளும் தனக்கே வேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டார். எனக்குச் சாட்சி சொல்லக் குழுவில் ஒருத்தரும் வரவில்லை. அடுத்த நாடகத்தில் வேஷம் வேண்டுமே!

நீதிமன்ற ஆலோசகர் அம்மாவின் மேசைமேல் மேதை செல்போனை வைத்து அந்த ஒத்திகை வீடியோவை ஓடவிட்டார். கைதட்டலுக்கு முன்னாலேயே வெட்டியிருந்தார், பாவி.

“குழந்தைய நெனச்சாத்தான் மேடம் பயமா இருக்கு.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

“மேடம், அது ஒத்திகை! நடிப்பு!” என்று கத்தினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அவ இல்லாம என்னால இருக்க முடியாது மேடம்.”

ஆலோசகர் வீடியோவை இன்னொரு தடவை பார்த்தார். “இது நடிப்புன்னா ரொம்ப நல்லாவே நடிக்கிறீங்கம்மா. அப்ப, இப்ப அழறது?”

சுருக்கென்றது. இவளிடமா கெஞ்சுவேன்? ஆத்திரம் தலைக்கேற, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் ஒரு சொட்டு விடவில்லை.

“பாத்தீங்களா மேடம்? நெனச்சா நிறுத்திருவா” என்றார் மேதை.

ஆலோசகர் பேனாவை எடுத்தார். “தீர்ப்பு வர்ற வரைக்கும் புள்ள அப்பாகிட்ட இருக்கட்டும்னு ஜட்ஜுக்கு எழுதுறேன்.” அன்றைக்கே நீதிபதியும் அப்படியே உத்தரவு போட்டார்.

வெளியே பெஞ்சில் மகள் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேதை அதை அவளிடமிருந்து வாங்கி என்னிடம் நீட்டிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.