மூச்சை மெதுவாக விடவும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பெரிய பொய் இல்லை, மூன்று பேர் அளவுக்கான பொய். அதை விளக்க என் வேலையைச் சொல்ல வேண்டும்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருந்தேன். பாதியில் நின்ற லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது அவசரப் பொத்தானை அழுத்தினால் என் மேஜையில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களிடம் பேசிக்கொண்டிருப்பது என் பொறுப்பு. "பயப்படாதீங்க, மூச்சை மெதுவா இழுத்து மெதுவா விடுங்க" என்று பதினாறு வருடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை ஓர் இயந்திரம் சொல்கிறது. என்னைவிடப் பணிவாகச் சொல்கிறதாம்.

வேலை போன அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மனைவி வழக்கம்போலக் கேட்டாள்: "இன்னிக்கு யாரு மாட்டிக்கிட்டாங்க?"

நானும் வாய்க்கு வந்தபடி "மூணு பேரு" என்று சொல்லிவிட்டேன். நாற்பது நாள் ஓடிவிட்டது. உண்மையை இன்னும் சொல்லவில்லை.

2

இந்தக் கதையின் முதல் வரியை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

'அவன் வேலை இழந்த அன்று வானம் அழுதது.' அழவில்லை. சுள்ளென்று வெயில் அடித்தது. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. அடித்துவிட்டேன்.

'வங்கி மேலாளரான அவன்' (யார் இவன்? என்னை மறைக்கத்தான் இவனைக் கூப்பிட்டேன். கோட்டெல்லாம் மாட்டிவிட்டேன். இரண்டாவது பத்தியிலேயே லிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அனுப்பிவிட்டேன். ஒருவரை வேலையைவிட்டு அனுப்புவது இவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.)

'தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடும் சாப்பாட்டு டப்பாவோடும் அவன் வீட்டைவிட்டுக் கிளம்பி' எங்கே போவான்? இதற்கு மட்டும் கற்பனை தேவைப்படவில்லை.

3

நூலகத்து மாடியில் காலை ஒன்பது மணிக்கு இலவச யோகா வகுப்பு. நான் வேலை விளம்பரம் பார்க்கத்தான் நூலகத்துக்குப் போனேன். மாடியில் மின்விசிறி நன்றாகச் சுற்றுவதாகக் கேள்விப்பட்டு ஏறினேன். சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் திணித்துவிட்டுப் போய் நின்றால், யோகா ஆசிரியை என் பேன்ட்டையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார் ஆபீஸுக்குக் கிளம்பி நேரா இங்க வந்துட்டீங்களா?"

"ஒரு வகையில அப்படித்தான் மேடம்."

அன்றிலிருந்து நான் 'பெல்ட் சார்'. குனிந்தால் பெல்ட் உறுத்துகிறது, நிமிர்ந்தால் மனசாட்சி.

"பெல்ட் சார், மூச்சை மெதுவா இழுத்து மெதுவா விடுங்க."

என்னுடைய வாக்கியம்! அது ஒன்றுக்கும் உதவாது என்று அன்றுதான் தெரிந்தது. பாவம், லிஃப்டுக்குள் இருந்தவர்கள் எவ்வளவு பொறுமையாக "சரி சார்" என்றார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. வியர்வைபோலத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கடைசியில் எல்லோரும் சவாசனத்தில் படுக்க வேண்டும். எனக்கு ஒழுங்காக வருவது அது ஒன்றுதான். அசையாமல் படுத்துக்கொண்டு, மாலைக்கு யாரை லிஃப்டில் மாட்டிவைக்கலாம் என்று யோசிப்பேன். நாயோடு ஓர் அம்மா. சண்டை போட்டுக்கொண்டே ஏறிய அண்ணன் தம்பி. புது மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி, லிஃப்ட் நின்றதும் அதிலேயே சாய்ந்து தூங்கிப்போனவர். மாலையில் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.*

* நான் உண்டாக்கியதிலேயே நல்ல கதைகள் இவைதான். ஒன்றையும் எழுதிவைக்கவில்லை.

4

முடிவு ஒன்று: அவனுக்கு வேறு வேலை கிடைக்கிறது. (நம்பும்படி இல்லை. போன வாரம் நேர்காணலில் "உங்க பலம் என்ன?" என்றார்கள். "மூச்சு" என்றேன்.)

முடிவு இரண்டு: அவனே யோகா ஆசிரியராகிறான். (முழங்கால் சம்மதிக்கவில்லை.)

முடிவு மூன்று: எதுவும் தெரியாத மனைவியிடம் போய், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான்

இதற்குமேல் பேனா நகரவில்லை. அவள் கோபித்துக்கொள்வாள் என்ற பயமில்லை. மறுநாள் மாலை அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டாள் என்பதுதான் பயம்.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள்தான், கையில் பென்சிலோடு. இந்தப் பக்கங்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறேன். கோழைத்தனம்தான். தெரியும்.

5

மாலை திரும்பி வந்தேன். பக்கங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. மேலே பென்சில் கிடந்தது.

'வானம் அழுதது' என்பதை நானே அடித்திருந்தும் அவள் இன்னொரு தரம் அடித்திருந்தாள்.

'எதுவும் தெரியாத மனைவி'க்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு. ஓரத்தில்: "யார் சொன்னது? காலையில நேரா போட்டுட்டுப் போற சாக்ஸ் சாயங்காலம் உள்பக்கம் வெளியே தெரிய வருது. ஒரு மாசமா. ஆபீஸ்ல யாரு சாக்ஸைக் கழட்டுவா? அதுவும் வாரத்துக்கு ஒருத்தர் மாட்டிக்கிட்ட இடத்துல இப்ப தினம் மூணு பேரு. அந்த லிஃப்டுல இனி யாராவது ஏறுவாங்களா?"

அடிக்குறிப்புக்குப் பக்கத்தில்: "மெத்தைக்காரரை எழுதுங்க."

பாதியில் நின்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில்: "இதை மட்டும் எழுதாதீங்க. வந்து வாயால சொல்லுங்க. அடுப்படியில இருக்கேன்."

மூச்சை மெதுவாக இழுத்தேன். விடத்தான் வரவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து குரல்:

"இன்னிக்கு யாரு மாட்டிக்கிட்டாங்க?"

வாசகரே, இதற்குமேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், பென்சிலும் இங்கேயே இருக்கிறது. மூன்றாவது முடிவை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வானத்தை மட்டும் அழவைக்காதீர்கள், அவள் அடித்துவிடுவாள்.

நான் அடுப்படிக்குப் போகிறேன்.