நிலவறையில் வெடித்த புட்டிகள்

ரெமி அவசரக்காரன். சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்காக இலையுதிர் காலத்தில் பிழிந்த சாறு, பீப்பாய்க்குள் பொங்கிப் புளித்து அடங்கும் முன்பே அதைப் புட்டிகளில் நிரப்பி, தக்கையை அறைந்து, கம்பியால் இறுக்கி நிலவறையில் அடுக்கிவிட்டான்.

"இன்னும் நுரைக்குது ரெமி. வசந்தம் வரைக்கும் பீப்பாயிலயே கிடக்கட்டுமே" என்றாள் அவன் மனைவி சொலான்ஜ்.

"புட்டிக்குள்ள கிடந்து ஊறினாத்தான் சைடருக்கு ருசி ஏறும். உங்க அண்ணன் குடிச்சிட்டு வாயடைச்சுப் போறானா இல்லையா பாரு!"

அந்த ஆண்டு பிரான்சின் நார்மண்டியில் மே மாதமே வெயில் கொளுத்தியது. மதியச் சமையலுக்கு உருளைக்கிழங்கு எடுக்க சொலான்ஜ் நிலவறைக்குள் இறங்கினாள். கூடை பாதி நிறைந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம்.

திரும்பினாள். வாசலை ஒட்டிய அடுக்கில் ஒரு புட்டி இருந்த இடத்தில் நுரை வழிந்துகொண்டிருந்தது. என்ன நடந்ததென்று அவள் உணர்வதற்குள் பக்கத்துப் புட்டி சிதறியது. அடுத்து இன்னொன்று. கண்ணாடிச் சில்லுகள் சுவரில் மோதித் தெறித்தன. காதோரம் சுரீரென்றது, தொட்ட விரல் சிவந்தது.

காலிப் பீப்பாய்க்குப் பின்னால் சுருண்டுகொண்டாள். வெளியேற வேண்டுமென்றால் அந்த அடுக்கைக் கடந்துதான் போக வேண்டும். சத்தம் நின்றபோது பயம் இன்னும் கூடியது. அடுத்தது எது? அவள் எழுந்து ஓடும்போது முகத்துக்கு நேராக இருப்பதா? மூச்சு விட்டால்கூட ஒன்று வெடித்துவிடும் போலிருந்தது.

"சொலான்ஜ்!" படிக்கட்டின் மேலிருந்து ரெமியின் குரல்.

"இறங்காதே! கண்ணு போயிடும்!"

"அடி பட்டிருக்கா?"

"காதுல. நீ வராதே ரெமி, சொன்னாக் கேளு!"

மேலே காலடிச் சத்தம் விலகியது. போய்விட்டானா? அவள் உதடுகள் தானாக மாதாவை அழைக்கத் தொடங்கின. பிறகு, தடதடவென்று எதையோ இழுத்து வரும் ஓசை. படுக்கையறை மெத்தையை முதுகில் போர்த்திக்கொண்டு ரெமி வந்துகொண்டிருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"குனி. என் இடுப்பைப் பிடிச்சுக்கோ. நிக்காதே."

இருவரும் மெத்தைக்கடியில் ஒண்டியபடி நகர்ந்தார்கள். அடுக்கருகே வரும்போது ஒரு புட்டி வெடித்து மெத்தையில் குத்துவிட்டது போல அறைந்தது. சொலான்ஜ் அலறினாள். ரெமி அவளைப் படியில் தள்ளி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினான். மெத்தையில் விரல் நீளச் சில்லு ஒன்று ஆழமாகப் பாய்ந்திருந்தது. அதைப் பார்த்து அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்றும் மறுநாளும் அவர்கள் சாப்பிடும்போதும் காலுக்கடியில் வெடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சொலான்ஜின் கரண்டி கிண்ணத்தில் மோதியது.

மழை வந்து குளிர்ந்த காலையில், வெல்டிங் செய்பவர் அணியும் முகமூடியும் தோல் கையுறையும் மாட்டிக்கொண்டு ரெமி இறங்கினான். மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை விட்டான். ஒவ்வொரு சீறலுக்கும் மேலே நின்ற அவள் "இருக்கியா?" என்று கத்தினாள். "இருக்கேன்டி" என்று பதில் வந்தது.

கடைசியில் ஒரு கோப்பையோடு ஏறி வந்தான். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான்.

"எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்கு. இன்னும் ஆறு மாசம் ஊறணும்" என்றவன், அவள் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டான். "பீப்பாயிலதான். பீப்பாயிலதான் சொல்றேன்."