எரிகிற பட்டன்

எனக்கு முப்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறேன். மூக்கு நுனியிலேயே கோபத்தை வைத்துக்கொண்டு அலைகிறவள் என்று அக்கா சொல்வாள், அதுவும் உண்மைதான். என்னை யாராவது ஏமாற்றினால் மட்டும் தாங்கவே மாட்டேன்.

பல்கலைக்கழகத்தில் மனசு எப்படிப் பார்க்கிறது, எப்படி யோசிக்கிறது என்று சொல்லித்தரும் அறிதல் உளவியல் அறிமுகத்தைச் சாயங்கால வகுப்பாக நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்களில் சிலருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் எதிரில் இருப்பது தெரியவில்லை என்பார்கள். கோளாறு கண்ணில் இல்லை, அதற்கும் மேலே எங்கேயோ இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். "இந்த வயசுல உனக்குப் புத்தகப் பை ஒண்ணுதான் குறைச்சல்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

முதல் வகுப்பில் ஏன் சேர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். வெடவெட என்று உயரம், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். "நான் லிஃப்ட் மெக்கானிக். பட்டனை அழுத்தினா விளக்கு எரியும். எரியுதுன்னு தெரிஞ்சும் ஜனங்க மறுபடி மறுபடி அழுத்தறாங்க. ஏன்னு தெரிஞ்சுக்கணும், அதான் வந்தேன்." வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என்ன அருமையான கேள்வி என்று திரும்பிப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போய்விட்டது, மறைப்பானேன்.

அன்றிலிருந்து அவர் பெயர் லிஃப்ட்டு. என் பெயர் கண்ணாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டையும் அவர் கம்பெனிதான் பராமரிக்கிறது. உள்ளே இருக்கும் ஆபத்து பட்டனை யார் அழுத்தினாலும் அவருடைய போனுக்குத்தான் வரும். "எடுக்காம இருக்க முடியாது. உள்ள இருக்கறவங்க வெளிய வர்ற வரைக்கும் லைனைக் கட் பண்ணவும் கூடாது" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். சொன்னதெல்லாம் அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் டீயை ஊதிக்கொண்டிருப்பார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

பாடம் எடுக்கும் மேடம் என்னைவிடச் சின்னவர். அவர் சிரித்துக்கொண்டே வந்தால் அன்றைக்கு யாரோ ஒருவர் மாட்டப்போகிறார் என்று அர்த்தம். வகுப்பில் சேரும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் எங்களை வைத்துச் சோதனை நடத்தலாம் என்று சம்மதம் வாங்கியிருந்தார். ஒரே ஒரு விதி வைத்திருந்தார். "ஏமாத்தினா, முடிஞ்ச கையோட உண்மையைச் சொல்லிடணும். அதுதான் இந்தத் தொழிலோட நாணயம்."

மாட்டியது நான். ஒரு சாயங்காலம் தாழ்வாரத்தில் ஒரு ஆள் என்னிடம் நூலகத்துக்கு வழி கேட்டான். தாடி வைத்திருந்தான், தடித்த கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி போட்டிருந்தான். நான் வழி சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் பெரிய மரக்கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு நடுவில் புகுந்து போனார்கள். என்ன மரியாதை கெட்ட ஜென்மங்கள் என்று திட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வழி சொல்லி முடித்தேன். அடுத்த வகுப்பில் அதை வீடியோவாகப் போட்டார்கள். கதவு போகும் மறைவில் ஆளே மாறியிருக்கிறான். புது ஆளுக்குத் தாடி இல்லை, பாதி உயரம்தான், முக்கியமாகக் கண்ணாடியே இல்லை. நானோ கையை ஆட்டி ஆட்டி, "இடது பக்கம் திரும்பினா வந்துடும்" என்று அவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடி விற்கிறவளுக்குக் கண்ணாடி காணாமல் போனது தெரியவில்லை. வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. என் மானம் கப்பலேறியது. லிஃப்ட்டு மட்டும் சிரிக்காமல், "கதவு ரொம்பப் பெரிசு" என்றார், ஆறுதலாம். இனிமேல் எவன் வந்தாலும் என் காதில் பூ சுற்ற முடியாது என்று அங்கேயே சபதம் எடுத்தேன்.

எனக்குப் பிடித்த இந்தச் சந்தேகப் பைத்தியம் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஒருநாள் தீ எச்சரிக்கை மணி அடித்தது. ஒருவராவது அசைய வேண்டுமே. எல்லோரும் கேமரா எங்கே என்று கூரையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேடமே வாசலில் நின்று கத்தினார். "பிரமாதமா நடிக்கறாங்க" என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார். கடைசியில் காவலாளி வந்து வாய்க்கு வந்தபடி திட்டித்தான் எங்களை வெளியே துரத்தினார். கேன்டீனில் எண்ணெய்ச் சட்டி நிஜமாகவே பற்றியிருந்தது.

இந்த லட்சணத்தில்தான், ஒருநாள் காலையில் லிஃப்ட்டு என் கடைக்கு வந்தார். கண் பரிசோதிக்க வேண்டுமாம். இருட்டு அறையில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் கருவியை இழுத்து நிறுத்தினேன். லென்ஸை மாற்றி மாற்றி, நாள் முழுக்கக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"இது தெளிவா, இது தெளிவா?"

"ரெண்டாவது."

"கடைசி வரியைப் படிங்க."

"எழுத்து தெரியுது. ஆனா நான் அதைப் படிக்கறதுக்காக வரல." கருவிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "கம்பெனியில என்னை வேற ஊருக்கு மாத்தறாங்க. போறேனா இல்லையான்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ஆசை. நீங்க சரின்னா போகல. இல்லேன்னா போயிடறேன்."

ஒரு கணம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். அடுத்த கணமே அந்த மரக்கதவு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அந்த வாரம் எல்லோரும் ஆளுக்கொரு சோதனை நடத்தி வர வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். வாயே திறக்காத மனுஷர் இவ்வளவு நீளமாகப் பேசுகிறார், அதுவும் இருட்டறையில், அதுவும் கெடு வைத்து. போயும் போயும் இந்த விஷயத்திலா விளையாடுவது என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இது எந்தச் சோதனை?" என்றேன். "கேமரா சட்டைப் பையிலயா? அவசரப்படுத்தினா ஜனங்க எப்படி முடிவெடுக்கறாங்கன்னு பாக்கறீங்க. நல்லா யோசிச்சிருக்கீங்க, ஆனா ஆள் தெரியாம வந்துட்டீங்க. போய் மேடம்கிட்டச் சொல்லுங்க, கண்ணாடி மாட்டலன்னு."

அவர் கருவியை மெல்லத் தள்ளிவிட்டு எழுந்தார். "பார்வை சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"கழுகுப் பார்வை" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வாயெல்லாம் பல்லாக வகுப்புக்குப் போனேன். அவர் இடம் காலியாக இருந்தது. மேடம் உண்மையை உடைப்பார் என்று காத்திருந்தேன், அவரோ ஞாபக மறதியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். பொறுக்க முடியாமல் எழுந்தேன். "மேடம், காலைல லிஃப்ட்டு என்னை வச்சு ஒரு சோதனை பண்ணினாரே, கண்டுபிடிச்சுட்டேன். அதைச் சொல்லலையா?"

"என்ன சோதனை?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன், வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரி. பாதியிலேயே மேடத்தின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவர் மதியம் எனக்கு போன் பண்ணினார்" என்றார். "ஊரை விட்டுப் போறேன், வகுப்புலேருந்து நின்னுக்கறேன்னு சொன்னார். குரலே சரியில்ல."

முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். அவருக்கு போன் செய்தேன். கட் செய்தார். மறுபடி செய்தேன், எடுக்கவே இல்லை. அவருடைய ஆபீஸ் பக்கத்துத் தெருவில்தான், ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது? எதிரே லிஃப்ட் கதவு திறந்திருந்தது. எடுக்காமல் இருக்க முடியாத போன் ஒன்று இருக்கிறதே. பாய்ந்து உள்ளே போனேன். கதவு மூடியதும் சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

"லிஃப்ட் சர்வீஸ். பயப்படாதீங்க, கதவைக் கையால இழுக்காதீங்க. உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்தி."

அவருக்கு என் குரல் புரிந்துவிட்டது. "லிஃப்ட் நின்னுடுச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"அது ஆபத்துக்கு மட்டும் அழுத்தற பட்டன்."

"ஆபத்துதான். பதில் சொல்லிட்டீங்களா?"

"மேனேஜர் ரூம் வாசல்ல நிக்கறேன்."

"உள்ள போகாதீங்க. எனக்குச் சம்மதம். காலைலயே சம்மதம்தான், புத்தி கெட்டுப்போய் உளறிட்டேன்."

வெளியே வகுப்பே வந்து கூடிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் குசுகுசுப்பது கேட்டது. அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார். "இது எந்தச் சோதனை?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு என்ன பதில் சொல்வது? கை மட்டும் பட்டனை அழுத்தியது. மறுபடி அழுத்தியது. மறுபடியும்.

"நான் லைன்லதான் இருக்கேன்" என்றார். "பட்டன் எரியுது இல்ல?"

"எரியுது."

"அப்புறம் ஏன் அழுத்தறீங்க?"

"வருவீங்களோ மாட்டீங்களோன்னு பயமா இருக்கு" என்றேன். "எல்லாரும் அதுக்குத்தான் அழுத்தறாங்க."

அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"வர்றேன்" என்றார். "ஒரு நிமிஷம், வேற ஊருக்குப் போகலன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டு வர்றேன். நீங்க வெளிய வந்து வெயிட் பண்ணுங்க."

"வர மாட்டேன். நான் உள்ள இருந்தாத்தானே உங்களால லைனைக் கட் பண்ண முடியாது."

அவர் மேனேஜரிடம் சொன்னது, தெருவைக் கடந்தது, மாடிப்படியில் மூச்சு வாங்கியது எல்லாம் எனக்குக் கேட்டது. கதவைத் திறந்தபோது வேர்வையில் நனைந்திருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், இடது காதில் கிரீஸ் ஒட்டியிருந்தது, புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. பின்னால் மொத்த வகுப்பும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பேச வாய் திறந்தோம், அதற்குள் யாரோ மேல்மாடியில் பட்டனை அழுத்தித் தொலைக்க, எங்களுக்கு நடுவில் கதவு மூடிக்கொண்டது.

லிஃப்ட் மேலே போய்விட்டுக் கீழே வந்தது. கதவு திறந்தது. பொத்தான், கிரீஸ், தழும்பு என்று ஒன்று விடாமல் பார்த்தேன். அதே ஆள்தான்.