தானாகப் பிடித்த பிரேக்

ஷோரூமில் கொடுத்த டீயைப் பம்புக்காரர் தொடவில்லை. விற்கிறவன் சும்மா கொடுக்கிற எதையும் வாயில் வைப்பதில்லை என்பது அவர் கட்சி. டீ ஆறி ஆடை கட்டியது. டை கட்டிய விற்பனைக்காரன் மட்டும் ஆறாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

அவன் ஒரு எண்ணைச் சொன்னான்.

"எந்த ரோட்டுல? மலை மேல இருந்து உருட்டி விட்டாலா?"

"கம்பெனி டெஸ்ட் பண்ணது சார்."

"கம்பெனிதானே விக்குது? அப்புறம் அது என்ன சொல்லும், கொடுக்காதுன்னா சொல்லும்?"

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் மட்டும் அப்பாவின் முழங்கையைத் தொட்டு, "கேளுங்கப்பா, நல்லாக் கேளுங்க. ஓட்டப்போறது நீங்கதானே" என்றாள்.

இந்த உலகத்தில் பம்புக்காரர் நம்பிய ஒரே ஆள் இந்த மகள்தான். பால்காரனை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார், பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி மீட்டருக்குப் பக்கத்தில் போய் நிற்பார். கட்டிய மனைவி உப்புப் போட்டேன் என்று சொன்னாலும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். மகள் சொன்னால் மட்டும் அது சொன்னதுதான்.

வண்டி வாங்கும் பேச்சை எடுத்ததும் அவள்தான். நெடுஞ்சாலையை ஒட்டி, ஊருக்கு வெகு தூரத்தில் இருந்தது அவர் பம்ப் ஓட்டும் வேலை பார்த்த தண்ணீர் இறைக்கும் நிலையம். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, மறுபடி காண்ட்ராக்டில் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். அந்த வழியில் பஸ் போகும், நிற்காது. வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. அவருடைய பழைய வண்டியோ, எஞ்சினை விட டேங்க் அதிகமாக உழைக்கும் ரகம்.

"தினம் ஹைவேல போய் வர்றீங்க. சின்னதா, பெட்ரோல் குடிக்காததா ஒண்ணு எடுத்துடலாம்ப்பா. ஓட்டவும் ஜாலியா இருக்கணும்."

ஜாலி என்ற சொல்லில்தான் மனுஷன் விழுந்தார். முட்டிக்கு எண்ணெய், மூச்சுக்கு மாத்திரை என்றுதான் கொஞ்ச காலமாக எல்லோரும் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாலியாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வாராவாரம் வண்டி பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளை காட்டிய முதல் வண்டி உயரமாக, ஒடுங்கலாக இருந்தது. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று தாண்டிப் போனபோது அடித்த காற்றில் ஆடிப்போயிற்று. "இது வண்டி இல்ல மாப்பிள்ளை, சக்கரம் வெச்ச பீரோ" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டாவது, கியர் தானாக மாறும் வண்டி. "அதுவே எல்லாத்தையும் பண்ணிக்குதே, அப்புறம் எனக்கு என்ன வேலை? சும்மா உக்காந்து வர்றதுக்கா வண்டி?" என்றார்.

மூன்றாவது அந்தச் சிவப்பு வண்டி. குட்டையாக, தரையோடு ஒட்டி நின்றது. மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தியது. வளைவில் திருப்பினால் கை சொன்ன இடத்தில் போய் நின்றது. கடைசி கியரில் விட்டதும் எஞ்சின் சத்தம் அடங்கி, நல்ல பம்ப் ஓடுவது போல ஒரே சுருதியில் முனகியது. பம்புக்காரருக்கு அந்த முனகல் போதும். ஓட்டிக்கொண்டே சிரித்தார். வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

"நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட உங்க மூஞ்சில இந்தச் சிரிப்பு இல்ல" என்றாள் மனைவி.

"அன்னைக்கு டெஸ்ட் டிரைவ் கொடுக்கலையே."

"கொடுத்திருந்தா நான் வேற வண்டி பார்த்துக்கிட்டுப் போயிருப்பேன்."

எல்லாம் நன்றாக நடந்தால் பம்புக்காரருக்குப் பிடிக்காது. யாரோ எங்கோ விளையாடுகிறார்கள் என்று தோன்றும். யோசித்துப் பார்த்து மாப்பிள்ளை மேல் சந்தேகத்தை நிறுத்தினார். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ. அந்த டை கட்டினவனும் அவரும் ஓரமா நின்னு குசுகுசுங்கறாங்க. கமிஷனா இருக்கும்" என்றார்.

மகள் எதற்கோ திடுக்கிட்டாள். உடனே சிரித்தாள். "சரிப்பா, பார்த்துக்கறேன்."

சிவப்பு வண்டியைப் பதிவு செய்தாயிற்று, வர நாளாகும் என்று அவள்தான் வந்து சொன்னாள். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் முதலிலேயே கொடுத்துவிட வேண்டுமாம். ஒரு ஆள் வந்து எடுத்துப் போனான். கொடுக்கும் முன் பம்புக்காரர் அதிலிருந்த முதுகு மெத்தையையும் ஸ்குரூ டிரைவரையும் துடைக்கும் துணியையும் எடுத்து, புது வண்டிக்கென்று வாசல் அலமாரியில் வைத்தார். நிலையத்துக்கு லீவு சொன்னார். தினமும் மகளுக்குப் போன் போட்டு, "வந்துடுச்சா?" என்றார். "சிவப்புக்குத்தான் கிராக்கிப்பா" என்றாள் அவள். அதையும் நம்பினார்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் அதே மாடல், ஆனால் சாம்பல் நிறம். மகள் இறங்கினாள். கூடவே வழித்துச் சீவிய தலையோடு ஒரு ஆள்.

"என் ஃபிரண்டோட அண்ணன்ப்பா. அவர் வண்டி. நம்மது வர்ற வரைக்கும் உங்களுக்குக் கை பழகட்டும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஹைவேல ஒரு ரவுண்டு போலாம்."

பம்புக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கூரையில் பசை பெயர்ந்த தடம் நீளமாகத் தெரிந்தது.

"மேல என்ன ஒட்டியிருந்துச்சு தம்பி?"

"லக்கேஜ் ஸ்டாண்டுங்க ஐயா" என்றான் அந்த ஆள். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தான். பம்புக்காரர் கவனித்தார். வண்டியை இரவல் கொடுக்க மனசில்லாதவன் என்று நினைத்துக்கொண்டார். அவர் சந்தேகம் எப்போதும் இப்படித்தான், தெருவெல்லாம் சுற்றும், சொந்த வீட்டுக் கதவை மட்டும் தட்டாது.

அந்த ஆள் காலடியில் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். மகள் பின்னால். மனைவி வாசலில் நின்றாள். "பார்த்து ஓட்டுங்க" என்றாள். எப்போதும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் எப்போதும் சொன்ன கையோடு உள்ளே போய்விடுவாள், அன்று போகவில்லை.

நெடுஞ்சாலை ஏறியதும் பம்புக்காரருக்குப் பத்து வயது குறைந்தது. "பாரு தம்பி, ஆக்ஸிலேட்டர்ல காலைச் சும்மா வெச்சாலே போதும், மிதிக்கவே வேணாம். அப்படி ஓட்டினாத்தான் பெட்ரோல் மிஞ்சும்" என்று அவன் வண்டியைப் பற்றி அவனுக்கே சொன்னார். அவன் தலையாட்டினான். எதற்கும் தலையாட்டினான். பின்கண்ணாடியில் மகள் முகம் தெரிந்தது. அவள் சாலையைப் பார்க்கவில்லை, அந்த ஆளின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வழியில் போய்க்கொண்டிருந்த லாரி, இண்டிகேட்டர் போடாமல் முன்னால் நுழைந்தது. பம்புக்காரர் பார்த்தார். கொஞ்சம் தாமதமாகப் பார்த்தார், அது வேறு விஷயம். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோனார். கால் போய்ச் சேருமுன் வண்டி பிடித்துக்கொண்டது. முன்பக்கம் தாழ்ந்து வேகம் குறைந்தது. லாரி போயே போய்விட்டது.

"யாரு பிரேக் போட்டது?"

அந்த ஆள் காலடியில் இருந்த பையை இழுத்துச் சரியாக வைத்தான்.

"நான் மிதிக்கலம்மா. கால் படவே இல்ல. வண்டி தானாப் பிடிக்குது!"

"நீங்கதான் மிதிச்சிருப்பீங்கப்பா. பதட்டத்துல தெரிஞ்சிருக்காது" என்றாள் மகள்.

பம்புக்காரர் கால் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஆயுசு முழுக்கப் பம்புக்குப் பக்கத்தில் நின்ற பாதம் அது. அந்தப் பாதம் மிதிக்கவில்லை என்று சொல்கிறது, மகள் மிதித்தீர்கள் என்கிறாள். பாவி மனுஷன், அந்த நிமிஷம் மகளைத்தான் நம்பினார். எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

லாரிகள் ஓய்வுக்கு நிற்கும் இடம் ஒன்று வந்தது. அங்கே ஒதுக்கி நிறுத்தினார். இன்னும் ஒரு சின்ன ஆசை பாக்கி இருந்தது. ஒருவேளை வண்டியில் கோளாறு இருந்தால்? அப்படி இருந்தால் அவருக்குக் கோளாறு இல்லை. சிவப்பு வண்டியும் இதே மாடல்தானே, வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

"பிரேக்கைப் பார்த்துடலாம். டார்ச் இருக்கா தம்பி?"

அந்த ஆள் டார்ச் எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்லீங்க ஐயா, நல்லாத்தான் இருக்கு, போலாம்" என்றான். பம்புக்காரர் இறங்கிச் சுற்றி வந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்து, "கொஞ்சம் இறங்கு" என்றார். அவன் இறங்கினான். டார்ச் இருக்கிறதா என்று பையை நகர்த்தினார்.

பைக்குப் பின்னால் ஒரு பெடல் இருந்தது.

அவர் குனிந்தபடியே அதைப் பார்த்தார். கையால் அழுத்தினார். அந்தப் பக்கம், டிரைவர் காலடியில் இருந்த பிரேக் பெடலும் கூடவே இறங்கியது. விட்டார், இரண்டும் சேர்ந்து எழுந்தன. நிறையத் தரம் மிதித்து ரப்பர் ஒரு ஓரம் தேய்ந்திருந்தது.

நிமிர்ந்து கூரைத் தடத்தைப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் போர்டு அந்த நீளம்தான் இருக்கும்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்றான் அவன். "நீங்க லாரியைப் பார்த்தீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியல. பழக்க தோஷம், கால் போயிடுச்சு. மத்தபடி நல்லாத்தான் ஓட்டறீங்க."

"உனக்கென்ன தம்பி, கூப்பிட்டாங்க, வந்தே" என்றார். மகள் பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா?"

மகள் இறங்கி, கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு தடவை கேட்ல இடிச்சீங்க. அன்னைக்கு நம்ம திருப்பத்தைத் தாண்டிப் போயிட்டு, எங்க இருக்கேன்னு எனக்கே போன் பண்ணீங்க. எனக்குத் தூக்கமே இல்லப்பா. ஓட்டுறதைப் பத்தித் தெரிஞ்சவர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பார்த்துச் சொல்லட்டும்னுதான்..."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன். கத்தியிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். ஆனா நீ கேட்டிருக்கலாம்ல?"

அவள் அழ ஆரம்பித்தாள். பம்புக்காரர் அழுகை முடியும் வரை நின்றார். பிறகு கேட்டார்.

"சிவப்பு வண்டி எப்ப வருது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார் கதவைப் பார்த்தாள்.

"பதிவே பண்ணல. அப்படித்தானே?"

"இன்னைக்கு இவர் சரின்னு சொன்னா பண்ணலாம்னு..."

"என் வண்டி?"

"வித்தாச்சுப்பா."

"முதல்ல வித்துட்டே. அப்புறம் டெஸ்ட் வெச்சிருக்கே." அவர் குரல் உயரவில்லை. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

தலையைக் குனிந்தாள். வாசலில் உள்ளே போகாமல் நின்ற மனைவி அவர் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளைக்கு?"

"அவர் வேணாம்னார். மாமாகிட்ட சொல்லிட்டே செய்யலாம்னு ஷோரூம்லயே சண்டை போட்டார். அதைத்தான் நீங்க கமிஷன்னு..."

பம்புக்காரருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை அது. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, ஓட்டையைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். அந்த டை கட்டியவன் கொடுத்த டீயையாவது குடித்திருக்கலாம். அவன் ஒளிக்காமல் விற்க வந்தவன்.

சாவியை மகளிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

"அப்பா, நீங்களே..."

"நீ ஓட்டும்மா."

டிரைவிங் ஸ்கூல்காரன் பின்னால் போய், பையை மடியில் வைத்து உட்கார்ந்தான். பம்புக்காரர் பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட் போட்டு, காலை நீட்டினார். பெடல் பாதத்தில் தட்டுப்பட்டது. தோதாகத்தான் வைத்திருந்தார்கள்.

நெடுஞ்சாலை முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். உங்கள் நல்லதுக்குத்தான் என்றாள். நாளைக்கே பதிவு பண்ணுகிறேன், சிவப்பே பண்ணுகிறேன் என்றாள். அவர் எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீர் இறைக்கும் நிலையத்தின் தகரக் கூரை ஒரு பக்கமாக வந்து போனது. அதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகும் வெறிச்சோடிய தெருவுக்குள் வண்டி வந்தது. பம்புக்காரர் முன்னால் பார்த்தார், கண்ணாடியில் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. பாதத்தை அழுத்தினார். மெதுவாகத்தான்.

வண்டி முனகி நின்றது. மகள் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ! நான் பிரேக்கே போடலப்பா!"

"நீதான் மிதிச்சிருப்பே" என்றார். "பதட்டத்துல தெரிஞ்சிருக்காது."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். மறுபடி கிளப்ப அவளுக்கு நேரம் பிடித்தது.

வீடு வரும் வரை அவர் அந்தப் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. மறுபடி மிதிக்கவும் இல்லை. அவள்தான் மூலைக்கு மூலை, மிதிப்பாரோ மிதிப்பாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.