கண் போய் நிற்கிற இடம்

"கோட்டை எங்கடா?" என்று அக்கா கேட்டபோது, என்னை வம்புக்கு இழுக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை திரும்ப வாங்க முடியவில்லை.

மாயக்கதைப் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைவது என் பிழைப்பு. அந்தரத்தில் மிதக்கும் மலை, இரண்டு நிலா, ஊதா நிறத்தில் ஓர் ஆறு, அதன் கரையில் கோட்டை. உலகத்தில் இல்லாத இடங்களுக்கெல்லாம் எனக்கு வழி தெரியும். பக்கத்துத் தெரு தபால் ஆபீசுக்குப் போகத்தான் இரண்டு பேரைக் கேட்க வேண்டும்.

இருபத்தாறு வருஷமாக அக்கா பார்க்காமல் என் படம் ஒன்றுகூட வெளியே போனதில்லை. அவள் தையல்காரி. மெஷினை நிறுத்தி, கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பாள். முதலில் கண் எங்கே போய் நிற்கிறதோ அங்கே விரலை வைப்பாள். விரல் கோட்டையில் விழுந்தால் படம் பாஸ். இல்லையென்றால், "உன் ராஜாவை விட்டுட்டு இந்தப் பாறையைத்தான்டா பார்க்கறேன்" என்பாள். நான் வீட்டுக்குப் போய்ப் பாறையை மங்கலாக்குவேன்.

இந்த வருஷம் அவளுடைய இரண்டு கண்ணிலும் நோய் வந்தது. "நடுப்பார்வை போயிடும். ஓரத்துல தெரியறது மட்டும் நிக்கும்" என்றார் டாக்டர். அக்கா வீட்டுக்கு வந்து மெஷினுக்கு உறை போட்டாள். அழவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நான் பூனை.

"டேய் பூனை, ஊருக்கெல்லாம் வரைஞ்சே. எனக்குன்னு ஒண்ணு வரைஞ்சு குடு. கட்டிலுக்கு எதிர்ல மாட்டி வெச்சுக்கறேன். கோட்டை இருக்கணும். தெரியற வரைக்கும் பார்த்துக்கிட்டிருக்கேன்."

டாக்டர் சொன்னது எனக்குக் காதில் விழுந்ததோடு சரி. மண்டையில் ஏறியது 'பார்வை குறைவு' என்கிற இரண்டு வார்த்தைதான். பார்வை குறைந்தவளுக்கு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியதுதானே! படம் முழுக்கக் குளிர்ந்த நீலமும் பச்சையும் பூசி, நடுவில் கோட்டைக்கு மட்டும் சுடச்சுட மஞ்சள் கொடுத்தேன். அதற்குப் பின்னால், இருப்பதிலேயே கறுத்த மலை. ஆறு வளைந்து கோட்டையைக் காட்டியது, பாலம் காட்டியது, பறவைகள்கூட வரிசையாக அந்தப் பக்கமே பறந்தன. குருடனுக்குக்கூடத் தெரியும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். வாய்க்கொழுப்பு.

அதைப் பார்த்துத்தான் அக்கா கோட்டை எங்கே என்று கேட்டாள்.

"மலை இருக்கு. ஆறு வருது. பாலம் பாதியில நிக்குது. அப்புறம் ஒரே மூட்டமா இருக்குடா."

அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். "எனக்குத் தெரியுதே, நடுவுல பளிச்சுனு" என்றார்.

"உங்களை யாரு கேட்டா? முப்பது வருஷமா சிவப்பு விளக்கே உங்க கண்ணுக்குத் தெரிஞ்சதில்ல."

படத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். பத்து நாள் வேலை. மஞ்சளுக்கு மேல் வெள்ளை, விளிம்பெல்லாம் கத்தி மாதிரி. பாலத்தின் மேலும் வெளிச்சத்தை இழுத்துவிட்டேன்.

அக்கா இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தாள். "இப்ப பாலமும் போயிடுச்சுடா" என்றாள், தானே கை தவறி உடைத்துவிட்டவள் போல. பிறகு அவசரமாக, "ஆறு நல்லாருக்கு. ஆறே போதும், மாட்டிடு" என்றாள்.

மாட்டவில்லை, திரும்பத் தூக்கிவந்துவிட்டேன். மறுநாள் காலை, வேலை அறையில் விளக்கைத் திருப்பப் போய், எரிகிற பல்பை நேராகப் பார்த்துத் தொலைத்தேன். கண்ணுக்குள் கறுப்பாக ஒரு வட்டம். படத்தைப் பார்த்தால் வட்டம் கோட்டையின் மேல் உட்கார்ந்தது. பாலத்துக்குப் போனேன், கூடவே வந்தது. எதைப் பார்த்தாலும் அதைத்தான் தின்றது. பார்க்காததை எல்லாம் விட்டுவைத்தது. டாக்டர் சொன்ன நடுப்பார்வை இப்படித்தான் போயிருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆற்றையும் பறவையையும் ஏவி, அவள் கண்ணைப் பிடித்து இழுத்துவந்து, அந்த ஓட்டைக்குள் நானே தள்ளியிருக்கிறேன். இரண்டு தடவை. வெளிச்சம் கூட்டிக் கூட்டி.

புதுத் துணியில் மூன்றாவது தடவையாகத் தொடங்கினேன். மலையும் ஆறும் பழையபடியே நடுவை நோக்கி வந்தன. நடுவில் வெளுத்த மஞ்சளில் பனிமூட்டம், அதற்குள் எதுவுமே இல்லை. கோட்டையைத் தூக்கி வலது ஓரத்தில் வைத்தேன், மூன்று மடங்கு பெரிதாக, கரிய ஊதாவில். ஜன்னல்களுக்கு ஆரஞ்சு. ஓரக் கண்ணுக்கு நுணுக்கம் பிடிபடாது என்பதால் மெல்லிய பிரஷ்களை மூடிவைத்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பட்டை பிரஷை எடுத்தேன். என் கூட்டாளிகள் யாராவது பார்த்திருந்தால், கோட்டையை ஓரம் கட்டிவிட்டு வெறும் புகைக்குப் பூஜை போட்டிருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள்.

அத்தான் ஆணி அடித்தார். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடித் திறந்தாள். அவள் பார்வை நான் நினைத்த மாதிரியே நேராக அந்தப் பனிமூட்டத்தில் போய் நின்றது.

"வலது பக்கம் என்னமோ பெரிசா நிக்குது" என்றாள். "ஐயோ, ஜன்னல்ல விளக்கு..."

அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். யாராக இருந்தாலும் திரும்பத்தான் செய்வார்கள்.

"போயிடுச்சுடா."

"அதைப் பார்க்காதேக்கா. அந்த நடு வெளிச்சத்தையே பாரு. கோட்டை தானா வரும்."

மெல்ல முகத்தைத் திருப்பினாள். மூச்சு விடக்கூடப் பயந்தவள் மாதிரி இருந்தாள்.

"வந்துடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை ஜன்னல்டா?" என்றாள்.

"நானே எண்ணலக்கா."

"வரைஞ்சவனுக்கே தெரியாதாம்" என்று அத்தானிடம் சொன்னாள், கண்ணை எடுக்காமலே. கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் பார்வை அசையும் என்று விட்டுவிட்டாள் போல.

பிறகு கையை மட்டும் நீட்டினாள்.

"பூனை, இப்படி இடது பக்கம் வா. இன்னும் தள்ளி. படத்தை ஒட்டிச் சுவரோட நில்லு. பேசாதே. நீ பேசினா உன் பக்கம் திரும்பிடறேன், மூஞ்சி போயிடுது."

போய் நின்றேன். அவள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூக்கை உறிஞ்சாமல் இருக்கப் படாதபாடு பட்டேன்.

"மீசையை எப்படா எடுத்தே?"

பேசாதே என்று சொல்லியிருந்தாளே, நான் வாயைத் திறக்கவில்லை.

"மூணு மாசமாச்சு" என்றார் அத்தான், எனக்காக.