செல்லதுரையின் ஜீப்பில் ஆத்தா கை

செல்லதுரைக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. ஜீப்பில் நிற்கத் தெரியும். தென்மாவட்டத் தமிழர் ஐக்கிய சபையின் ஆண்டு விழா ஊர்வலத்தில், திறந்த ஜீப்பில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போகவேண்டும் என்பது சபைத் தலைவரான அவருடைய லட்சியம். சபை என்பது மலையாளக் கரைக்குப் பிழைக்கவந்து, மட்டாஞ்சேரியில் அவருடைய மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள்தான்.

ராணுவம் கழித்துவிட்ட ஒரு பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து, தங்கை புருஷன் சங்கிலிப்பாண்டியின் கொட்டகையில் கொண்டுவந்து தள்ளினார்.

"பிரிகேடியர் போன வண்டி, மாப்ளே!"

பிரிகேடியரைவிட எலிகள்தான் அதில் அதிகம் போயிருக்கும் என்பது தரைத் தகட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

சங்கிலிப்பாண்டிக்கு அது முதல் வண்டி. அடுத்தவன் பட்டறையில் துரு சுரண்டிக்கொண்டிருந்தவன், அந்த எழுபத்தொன்பதில்தான் பஜார் ரோட்டுக்குப் பின்னால், சுக்குக் கிடங்கை ஒட்டிச் சொந்தமாகப் பெயிண்ட் கொட்டகை போட்டிருந்தான். ஜீப் நன்றாக வந்தால் டாக்ஸிக்காரர்கள் வருவார்கள். வராவிட்டால் பழைய முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறியவேண்டும்.

உயிரைக் கொடுத்து வேலை செய்தான். உப்புக்காற்று தின்ற தகட்டை வெட்டியெறிந்து புதுசு வைத்தான். பட்டி பார்த்தான், தேய்த்தான், மறுபடியும் பட்டி பார்த்தான். மேலே ரெட் ஆக்சைடு அடித்தான். சுக்குத் தூசி பறந்துவந்து ஒட்டாமலிருக்க, வீட்டுப் பழைய சேலைகளைக் கொட்டகையைச் சுற்றிக் கட்டினான். அவன் மனைவி வீரலட்சுமி கல்யாணச் சேலையை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

"ஆரும் வண்டியத் தொடப்பிடாது. எண்ணெ பட்ட எடத்துல பெயிண்ட் நிக்காது, மனசிலாயோ?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கத்தினான்.

'ஆரும்' என்பதில் தானும் அடக்கம் என்று தலைவர்களுக்குத் தோன்றுவதில்லை.

விஜயதசமியன்று நல்ல நேரத்தில்தான் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்றார் செல்லதுரை. சங்கிலிப்பாண்டி பானெட்டைப் பெட்ரோல் விட்டுத் துடைத்துவிட்டு, கம்ப்ரசரைப் போடப் பின்பக்கம் போனான். தலைவர் குத்துவிளக்குக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றினார், திரியைத் தூண்டினார், மோதிரம் போட்ட அதே கையைப் பானெட் நடுவில் அழுத்தி வைத்துக் கண்ணை மூடினார். சபை கைதட்டியது.

ராணுவப் பச்சை எங்கும் வழவழவென்று படிந்தது, பானெட் நடுவைத் தவிர. அங்கே பெயிண்ட் ஒட்டாமல் விலகி விலகி ஓடியது. அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விழுந்து, குழிகளெல்லாம் சேர்ந்து ஓர் உள்ளங்கையும் ஐந்து விரல்களுமாக நின்றன.

சங்கிலிப்பாண்டி ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தான்.

"எவன் கைடா இது?"

சபை தலைவரைப் பார்த்தது. தலைவர் கையை வேட்டிக்குப் பின்னால் கொண்டுபோனார். வேறு யாராவது என்றால், தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு சபையை நடத்துகிறவர் அப்படியெல்லாம் பொறுப்பில்லாமல் பேச முடியுமா?

"இது மனுசக் கையில்ல, மாப்ளே. ஆத்தா கை! விஜயதசமி அதுவுமா வந்து வச்சிருக்கா!"

"ஆத்தா மோதிரம் போட்டிருக்காளே, மச்சான்? இந்தா, பட்டையாத் தெரியுது."

"ஏன், ஆத்தா மோதிரம் போடப்பிடாதோ?"

மத்தியானத்துக்குள் சந்து நிறையக் கூட்டம். மஞ்சள், குங்குமம், பானெட் மேலேயே கற்பூரத் தட்டு. பக்தி முற்றிய ஒருவர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார். தன் அம்பாசடருக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருந்த டாக்ஸிக்கார அப்பு, குனிந்து பார்த்துவிட்டுச் சங்கிலிப்பாண்டியைத் தனியே கூப்பிட்டார்.

"சாமியொக்கெ நல்லதாணு, சங்கிலி. பட்சே, என்றெ வண்டிக்கு இதுபோலெ குழி வேண்டா."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இனிமே இந்தக் கைய ஒருத்தரும் தொடக்கூடாது. ஊர்வலம் இப்படியேதான்!" என்று தலைவர் ஸ்டூல் மேல் ஏறி அறிவித்துக்கொண்டிருந்தார்.

சங்கிலிப்பாண்டி கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கற்பூரத் தட்டை எடுத்துத் தரையில் வைத்தான். பெயிண்ட் காய்ந்திருந்தது. தண்ணீர் விட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பரை மடித்துப் பானெட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். மோதிர விரல்தான் முதலில் போயிற்று.

"டேய், ஆத்தா கைய அழிக்கிறியே, கண்ணு அவிஞ்சிரும்டா!" என்று தலைவர் ஸ்டூல் மேலிருந்தே கத்தினார்.

"அவியட்டும்! சங்கிலிப்பாண்டி அடிச்ச லட்சணத்தப் பாருன்னு தெருவுல நாலு பேரு சிரிக்கிறதப் பாக்க எனக்குக் கண்ணு எதுக்கு? நான் மறுபடியும் அடிப்பேன். ஆத்தாவா இருந்தா மறுபடியும் வந்து வைக்கட்டும். நீங்க மட்டும் அன்னிக்கு ஊருக்கு அந்தக் கோடி, இடப்பள்ளிப் பக்கம் போயிருங்க!"

யாரோ சிரித்தார்கள். செல்லதுரை ஸ்டூலிலிருந்து இறங்கித் தங்கையைத் தேடினார்.

"லட்சுமி! உன் புருசனுக்குப் புத்தி பெசகிருச்சு. வந்து புடி!"

வீரலட்சுமி வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாள். அவன் தலையில்தான் கொட்டப்போகிறாள் என்று கூட்டம் வழிவிட்டது. அவள் பானெட் அருகில் போய், அவன் கை ஓடுகிற இடம் பார்த்துச் செம்பு செம்பாக மொண்டு ஊற்றினாள். தேய்ந்த பெயிண்ட் பச்சையாக வழிந்தது.

"தள்ளி நில்லுண்ணே. பச்சைத் தண்ணி வேட்டியில தெறிக்கும்."